அந்த ஒரு ‘ஆன்’

‘கிவ்’ என்றால் கொடு. ‘அப்’ என்றால் மேலே. அப்படியானால் ‘கிவ் அப்’ என்றால் மேலே கொடு என்றா பொருள்? இல்லையே! ஆங்கிலத்தில் ‘ஃப்ரேசல் வெர்ப்’ எனப்படும் கூட்டுவினைகளின் குறும்பு இதுதான். தனித்தனியே பரம சாது. சேர்ந்துவிட்டால் வேறு அவதாரம்.

நமக்கு இது புதிதா என்ன? ‘விடு’, ‘கொடு’ இரண்டையும் சேர்த்து ‘விட்டுக்கொடு’ என்கிறோம். ‘கைவிடு’ என்கிறோம், அதில் கை எங்கிருந்து வந்தது? தமிழ் கற்கும் வெளிநாட்டவரைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

சரி, ‘கிவ் அப்’புக்கு வருவோம். அன்றாடம் நாம் பயன்படுத்தும் பொருள்கள் மூன்று.

முதலாவது, விட்டுக்கொடுப்பது. எம்ஆர்டியில் கர்ப்பிணிக்கோ முதியவருக்கோ எழுந்து இடம் தருகிறோமே, அது ‘கிவ் அப் யுவர் சீட்’. ரயில் நிலையங்களில் நாம் பார்த்துப் பழகிய ‘ஸ்டாண்ட்-அப் ஸ்டேசி’ சொல்வதும் இதைத்தான். அவர் பெயரிலேயே ஒரு கூட்டுவினை இருக்கிறது, கவனித்தீர்களா?

இரண்டாவது, ஒரு பழக்கத்தைக் கைவிடுவது. ‘கிவ் அப் ஸ்மோக்கிங்’ என்பதே சரி. ‘கிவ் அப் டு ஸ்மோக்’ என்று சொல்லக்கூடாது. ‘அதைக் கைவிடு’ என்பதற்கு ‘கிவ் இட் அப்’. ‘கிவ் அப் இட்’ தவறு.

மூன்றாவது, முயற்சியை நிறுத்துவது. விடுகதைக்கு விடை தெரியாமல் ‘ஐ கிவ் அப்’ என்கிறோமே, அது. பின்னால் ஒரு ‘லா’ சேர்த்தால் நம்மூர்ச் சோர்வு முழுமை பெறும்! வானொலியில் பேசுபவள் என்ற முறையில் ஓர் உச்சரிப்புக் குறிப்பு: இங்கே அழுத்தம் ‘கிவ்’வில் அல்ல, ‘அப்’பில் விழ வேண்டும்.

இதன் தங்கை ‘கிவ் இன்’. பொம்மை கேட்டு அழும் பிள்ளையிடம் அரை மணி நேரம் ‘நோ’ சொல்லிவிட்டு, கடைசியில் வாங்கித் தருகிறோம் அல்லவா? பிள்ளை ‘கிவ் அப்’ செய்யவில்லை. நாம் ‘கிவ் இன்’ செய்துவிட்டோம். அதாவது, இணங்கிப் போய்விட்டோம்.

இனி, கவனமாகக் கையாள வேண்டிய ஒன்று. ‘கிவ் அப்’புடன் ‘ஆன்’ சேர்ந்தால் என்ன ஆகும்?

பிஎஸ்எல்இ நெருங்கும் வீடுகளில், இரவு பத்து மணிக்கு, அதே கணக்கை நான்காவது முறை விளக்கும்போது நம் வாயில் ஆங்கிலம்தான் முந்திக்கொண்டு வரும். ‘ஐ கிவ் அப்’ என்றால், எனக்கு முடியவில்லை, களைத்துவிட்டேன் என்று பொருள். ‘ஐ கிவ் அப் ஆன் யூ’ என்றால், உன்மீது எனக்கு இனி நம்பிக்கை இல்லை என்று பொருள். முதலாவது நம் சோர்வைச் சொல்கிறது. இரண்டாவது பிள்ளைக்குத் தீர்ப்பு எழுதுகிறது. நமக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கலாம். பள்ளியில் நாள் முழுக்க ஆங்கிலத்தில் பேசிவிட்டு வரும் 12 வயதுப் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே புரியும்.

தமிழில் ‘விட்டுக்கொடு’வுக்கு இன்னொரு பொருளும் உண்டு. “என் பிள்ளையை யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்” என்கிறோமே, அது. உறவினர் நான்கு பேர் மதிப்பெண்ணை விசாரிக்கும்போது, “அவன் நல்லாத்தான் படிக்கிறான்” என்று பிள்ளைக்காகப் பரிந்து பேசுவோம். அதே பிள்ளையை வீட்டுப்பாட மேசையில் மட்டும் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

பொறுமை எல்லை தாண்டும் இரவில் புத்தகத்தை மூடிவிடுங்கள். “அம்மாவுக்கு இன்னைக்கு முடியலப்பா, நாளைக்குப் பார்ப்போம்” என்று தமிழிலேயே சொல்லுங்கள். அதில் ‘நாளைக்கு’ என்ற சொல் இருக்கிறது. பிள்ளைக்கு அது போதும்.