கோடியின் தோல்வி திட்டமிட்டதா?

தொழில்முறை மல்யுத்தப் பெருவிழாவான ரெசில்மேனியாவில், 2023இல் கோடி ரோட்ஸைச் சாம்பியன் ரோமன் ரெய்ன்ஸிடம் தோற்கவைத்ததால்தான், 2024இல் கோடி அவரை வென்றது அவ்வளவு இனித்தது என்று சிலர் வாதிடுகிறார்கள். நடந்ததை வரிசையாகப் பார்த்தால் இந்த வாதம் நிற்காது. 2024 பிப்ரவரியில், சாம்பியனுடன் மோதும் உரிமை தரும் ராயல் ரம்பிள் போட்டியை வென்றிருந்த கோடியே ஸ்மாக்டவுன் நிகழ்ச்சி மேடையில் வழிவிட, ரெய்ன்ஸுக்கு எதிரே மூத்த நட்சத்திரம் ராக் வந்து நின்றார். ரசிகர்கள் கொதித்தெழுந்த பிறகுதான், சில நாட்களில், கோடிக்கு அந்த இடம் திரும்பக் கிடைத்தது. ஓராண்டு பொத்திவளர்த்த கதை என்றால் அதை இப்படிக் கைநழுவ விடுவார்களா? காத்திருப்பு வெற்றிக்குச் சுவை கூட்டியது உண்மைதான். அதற்கான பெருமை விடாமல் குரல்கொடுத்த ரசிகர்களுக்கே சேரும். ரெய்ன்ஸின் நீண்ட சாம்பியன் ஆட்சியைக் காக்க வேண்டியிருந்தது என்பார்கள். அப்படியானால் 2023இல் அவருடைய கூட்டாளி சோலோ சிகோவாவைக் குறுக்கே விடாமல், ரெய்ன்ஸைத் தன் பலத்தாலேயே வெல்லவைத்திருக்க வேண்டும்.