எலும்புப் பிடிகள் சொல்லும் கதை

நேயர்களில் சிலருக்குத் தபால் தலைகளில் மோகம். சிலருக்குப் பழைய நாணயங்களில். ஆனால் எலும்புப் பிடி போட்ட பழங்காலத்துச் சாப்பாட்டுக் கத்திகளையும் முள் கரண்டிகளையும் தேடித் தேடிச் சேகரிப்போரும் உலகில் உண்டு என்றால் நம்மவர்கள் சற்றே புன்னகை புரியலாம். ஐந்து விரல்களைப் பகவான் இலவசமாக அருளியிருக்க, அன்னிய மேஜைச் சாமான்களில் நமக்கு என்ன ஆராய்ச்சி என்று கேட்கவும் கூடும். கேள்வி நியாயமானதே. எனினும் ஒரு ஜனசமூகத்தின் உழைப்பை அறிவதற்கு அது விட்டுச் சென்ற உபகரணங்களைவிடச் சிறந்த பாடப்புத்தகம் கிடையாது.

இங்கிலாந்திலேயே முள் கரண்டி அவ்வளவு புராதனமானதன்று. தாமஸ் கோரியட் என்ற யாத்திரிகர், இத்தாலியர்கள் அதைக் கையாள்வதைக் கண்டு, 1611-ல் வெளியான தமது பிரயாண நூலில் விஸ்தாரமாக எழுதினார். இதே மனிதர் பின்னர் பெரும்பாலும் கால்நடையாகவே நம் நாட்டுக்கு வந்து, 1617-ல் சூரத்தில் காலமானார் என்பது ஒரு விசித்திரம். அந்நாளில் ஒவ்வொருவரும் தம் கத்தியை உறையிலிட்டுக் கூடவே கொண்டு செல்வது வழக்கம். மணப்பெண்ணுக்கு ஜோடிக் கத்திகளைப் பரிசளிப்பதும் உண்டு. சொந்த உடைமையாகையால், பிடியில் மனித உருவங்களையும் மிருகங்களையும் செதுக்கி அழகு செய்தார்கள்.

இத்தொழிலுக்குப் பேர்போன ஊர் ஷெபீல்டு. அங்கே கத்தித் தொழிலாளர்களின் சங்கம் 1624-ல் சட்டபூர்வமாக ஸ்தாபிக்கப்பட்டது. பிடிகளுக்கு மாட்டின் காலெலும்பு, தந்தம், கொம்பு ஆகியவை பயன்பட்டன. நம் நாட்டுக் கடமான் கொம்பும் எருமைக் கொம்பும் கப்பலேறி அவ்வூர் சென்றன. தந்தம் தனவந்தர்களுக்கு, எலும்போ நடுத்தரக் குடும்பங்களுக்கு.

வாங்குவோர் முதலில் அறிய வேண்டியது எலும்பையும் தந்தத்தையும் பிரித்துணரும் வித்தை. பூதக்கண்ணாடியால் பார்த்தால் எலும்பில் சிறு கரும்புள்ளிகளும் கீற்றுகளும் தென்படும். அவை உயிருள்ளபோது இரத்தம் ஓடிய வழிகள். தந்தத்தில் அவை இரா. அதன் குறுக்கு வெட்டில் வலைப்பின்னல் போன்ற கோடுகள் காணப்படும். கோடுகள் எல்லாம் ஒரே சீராக ஓடினால் அது செல்லுலாயிட் போலியாக இருக்கக்கூடும். இந்த அறிவு பணத்துக்கு மட்டும் காவலன்று. ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் சர்வதேச வியாபாரத்தைத் தடுக்க 1989-ல் பல தேசங்கள் கூடித் தீர்மானித்தன. நம் நாட்டிலும் தந்த வியாபாரம் சட்ட விரோதம். இங்கிலாந்தில் 2018-ல் இயற்றிய தடைச் சட்டம் 2022-ல் அமலுக்கு வந்தது.

காலத்தை நிர்ணயிக்கவும் வழிகள் உண்டு. வெள்ளிப் பூணில் கிரீட முத்திரை இருந்தால், 1773-ல் ஏற்பட்ட ஷெபீல்டு வெள்ளிப் பரிசோதனைச் சாலையின் அடையாளம் அது. 1974 வரை வழங்கியது. துருப்பிடிக்காத எஃகை ஹாரி பிரியர்லி அவ்வூரில் உருவாக்கியது 1913-ல். ஆகவே அவ்வகை அலகு அதற்கு முந்தியதாக இருக்க இயலாது. ஆனால் பழைய பிடியில் புதிய அலகைப் பொருத்தியிருக்கலாம், எச்சரிக்கை தேவை.

பழைய பிடிகளை வெந்நீரில் இடலாகாது. அலகின் பின்னே வாலைப்போல் நீண்ட இரும்பைப் பிடிக்குள் செருகி அரக்குப் போன்ற பசையால் ஒட்டியிருப்பார்கள். சூட்டில் பசை இளகும், எலும்பும் வெடிக்கும். ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்துவதே போதும்.

இவ்வளவும் பிடியைப் பற்றிய சேதி. சேகரிப்போர் பலர் இதனுடன் நின்றுவிடுகிறார்கள். ஆனால் முள் கரண்டியின் பற்களைச் சாணை பிடித்தவன் யார்? பத்தொன்பதாம் நூற்றாண்டு ஷெபீல்டில் அவ்வேலை தண்ணீரின்றி உலர்ந்த கல்லில் நடந்தது. கல் தூளும் எஃகுத் தூளும் தொழிலாளியின் நுரையீரலில் படிந்தன. உலர்சாணைக்காரரின் சராசரி ஆயுள் முப்பத்தைந்தை எட்டுவது அரிது என்று அவ்வூர் வைத்தியர் ஒருவர் சொன்னதை 1845-ல் எங்கெல்ஸ் தம் நூலில் எடுத்துக் காட்டினார். அலகில் முதலாளியின் பெயர் அழுத்தமாகப் பொறித்திருக்கிறது. மூச்சை இழந்தவனின் பெயர் எங்குமில்லை.

இக்குறையை ஓரளவு தீர்க்க முயன்றவர் அதே ஊரில் கருவி வியாபாரம் செய்த கென் ஹாலி. 2014-ல் மறைந்த அவர், பண்டங்களை மட்டுமின்றி, அவற்றைச் செய்த கருவிகளையும் அரைகுறை வேலைப்பாடுகளையும் சேர்த்துக் காத்தார். ஷெபீல்டின் கெல்ஹாம் தீவுப் பொருட்காட்சி சாலையில் அவற்றைக் காணலாம்.

அதுவே சேகரிப்பின் தர்மம் என்பது நமது துணிபு. கண்ணாடிப் பெட்டியில் கத்தியை வைப்பவர், அதன் அருகே ஒரு சிறு சீட்டில் அதைச் செய்த தொழிலாளியின் வேலை இன்னது, அவன் கொடுத்த விலை இன்னது என்றும் எழுதி வைக்கட்டும். அப்பொழுதுதான் அது பழம்பொருளாவதோடு படிப்பினையும் ஆகும்.