‘சின்ன ஊரை யார் சீண்டப் போகிறார்கள்?’

காரிமங்கலம் கடைவீதியிலும் கேமரா, வைஃபை, பில்லிங் கம்ப்யூட்டர் எல்லாம் வந்துவிட்டன. அவற்றின் பாதுகாப்பைப் பற்றிப் பேச்செடுத்தால், “இது என்ன பெங்களூரா சார்? சின்ன ஊர், நம்மை யார் சீண்டப் போகிறார்கள்?” என்பார்கள். இதற்கு அவர்கள் சொல்லும் காரணங்கள் மூன்று. மூன்றுமே முழுதாக நிற்காது.

1. ‘நம்மை யாருக்குத் தெரியும்?’

தெரிந்திருக்கத் தேவையே இல்லை. பழைய ஐபிவி4 முறையில் உலகம் முழுவதற்கும் சுமார் 430 கோடி இணைய முகவரிகள்தான். அவற்றை ஒரே கம்ப்யூட்டரிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் தட்டிப் பார்த்துவிடலாம் என்று, மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இலேயே ‘இசட்மேப்’ மென்பொருளால் காட்டினார்கள். தட்டுகிற நிரல் ஊர்ப்பெயரைப் பார்ப்பதில்லை. எந்த வாசல் (போர்ட்) திறந்திருக்கிறது என்றுதான் பார்க்கிறது.

2. ‘நம்மிடம் திருட என்ன இருக்கிறது?’

கருவி இருக்கிறதே, அது போதும். 2016இல் ‘மிராய்’ என்ற தீநிரல் கேமரா, டிவிஆர், ரவுட்டர்களுக்குள் புகுந்தது. கம்பெனி போட்டு அனுப்பி, யாரும் மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டுகளே அதற்குச் சாவி. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று இப்படிப் பிடிபட்ட கருவிகள் இணையதளப் பெயர்களுக்கு முகவரி காட்டும் அமெரிக்காவின் ‘டைன்’ நிறுவனத்தின் மேல் ஒரே நேரத்தில் பாய்ந்தன. அதை நம்பியிருந்த ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பலருக்கு முடங்கின. வழக்கம்போல் படம் பிடித்துக்கொண்டிருந்த கேமராவின் சொந்தக்காரருக்குச் சந்தேகம் வர வழியில்லை.

3. ‘பாதுகாப்பெல்லாம் பெரிய கம்பெனி செலவு’

இதில் பாதி உண்மை. பெருவெள்ளமாக வரும் தாக்குதலைக் கடைக்காரர் தடுக்க முடியாது. இணைய சேவை நிறுவனம்தான் மேலேயே தடுக்க வேண்டும். ஆனால் நம் பங்குக்குப் பெரிய செலவு கிடையாது. 2017 மே மாதம் ‘வானாக்ரை’ என்ற தீநிரல் உலகை உலுக்கியது. அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே இலவசத் திருத்தம் வெளியிட்டிருந்தது. அப்டேட் போட்டவர்கள் தப்பினார்கள்.

பெரிய செலவில்லாத இன்னொரு வழி, நெட்வொர்க்கைப் பிரித்து வைப்பது. அதன் அருமைக்குக் கூடங்குளம் அணுமின் நிலையம் சாட்சி. 2019இல் அங்கே நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு இணைந்த ஒரு கம்ப்யூட்டரில் தீநிரல் இருந்ததை அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. அணு உலைக் கட்டுப்பாட்டு அமைப்பு தனியாக இருந்ததால் பாதிக்கப்படவில்லை என்றும் சொன்னது. கடையில் கேமராவை ஒரு வைஃபையிலும் பில்லிங் கம்ப்யூட்டரை வேறொன்றிலும் வைப்பது அதே வழிதான். பல ரவுட்டர்களில் ‘கெஸ்ட்’ வசதியே இதற்குப் போதும். கம்ப்யூட்டரில் தீநிரல் புகுந்துவிட்டால், நீக்கும் மென்பொருளை மத்திய அரசின் ‘சைபர் ஸ்வச்தா கேந்திரா’ இலவசமாகவே தருகிறது.

கேமரா மாட்ட வருபவருக்குக் கூலி கொடுக்கும் முன், பாஸ்வேர்டை உங்கள் கண்ணெதிரே மாற்றச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை.