தினமும் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைங்க என்கிறவர்களுக்கு

வருஷா வருஷம் டிசம்பர் பிறந்தால் போதும், தில்லித் தமிழர்கள் நடுவில் ஒரு அறிவுரை சுற்ற ஆரம்பித்துவிடும். "குளிர்காலத்துல பைக்கை சும்மா விடாதீங்க சார், தினமும் காலைல அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி ஓட விடுங்க." பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும் குடும்பங்கள் இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு பாய்சாப்பிடம் சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறுகிறார்கள்.

நான் சொல்ல வந்தது ஒரே விஷயம். அந்த அறிவுரை தப்பு. சும்மா தப்பு இல்லை, தலைகீழ்த் தப்பு. எதைத் தடுக்க வேண்டும் என்று அதைச் செய்கிறோமோ, அதையே அது உண்டாக்குகிறது.

"பி.காம். படிச்சுட்டு பேங்க்ல உக்காந்திருக்கற ஆளு, எஞ்சினைப் பத்தி உனக்கு என்னய்யா தெரியும்?" என்று கேட்பீர்கள். கேளுங்கள். ஆனால் இது வெறும் வரவு செலவுக் கணக்கு. எஞ்சினுக்குள் தண்ணீர் எவ்வளவு வருகிறது, எவ்வளவு வெளியே போகிறது, மீதி எங்கே தங்குகிறது என்பதுதான் விஷயம்.

முதலில் வரவு. பெட்ரோலில் இருக்கும் ஹைட்ரஜன் எரிந்தால் தண்ணீராகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். நம்பிக்கை இல்லையென்றால் ஜனவரி காலையில் சைலன்சர் நுனியில் சொட்டுகிற தண்ணீரைப் பாருங்கள். பெரும்பகுதி ஆவியாக அந்த வழியே போய்விடும். கொஞ்சம் மட்டும் பிஸ்டன் ரிங்குகளின் இடுக்கு வழியாகக் கீழே, எண்ணெய் இருக்கும் இடத்துக்கு இறங்கும். வீட்டில் இட்லிப் பானை மூடியைத் திறந்தால் உள்பக்கம் நீர் கோத்திருக்குமே, அதே கதைதான். குளிர்ந்த உலோகத்தில் ஆவி பட்டால் நீராகிறது. அது எண்ணெயோடு கலந்து அடிபட்டு, ஆயில் மூடியின் உள்பக்கத்தில் வெண்ணெய் மாதிரி ஒட்டிக்கொள்கிறது.

இப்போது செலவு. அந்தத் தண்ணீர் வெளியேற ஒரே வழி, எண்ணெய் நன்றாகச் சூடேறி நீர் ஆவியாகி பிரீதர் குழாய் வழியே போவதுதான். எண்ணெய் 80, 90 டிகிரிக்கு வந்து கொஞ்ச நேரம் அங்கேயே நிற்க வேண்டும். 2021 ஜனவரி 1ஆம் தேதி சஃப்தர்ஜங்கில் குறைந்தபட்ச வெப்பநிலை 1.1 டிகிரி. அந்த மாதிரி ஒரு காலையில், நின்ற இடத்தில் ஐந்து நிமிஷம் ஐடிலில் ஓடினால் எண்ணெய் எங்கே சூடாகப் போகிறது? சிலிண்டரின் தலை வேண்டுமானால் தொட்டால் சுடும். கீழே எண்ணெய் வெதுவெதுப்பைத் தாண்டாது. அதற்குள் அணைத்துவிடுவோம். வரவு முழுசாக வந்தாயிற்று, செலவு பூஜ்யம். மறுநாள் காலை மறுபடியும் அதே!

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு உவமை உண்டு. பழைய கடனைக் கட்டமுடியாதவனுக்குப் புதுக்கடன் கொடுத்து, அதை வைத்துப் பழைய வட்டியைக் கட்டவைப்பது. ஏட்டில் கணக்கு உயிரோடு இருக்கும். உள்ளே அழுகிக்கொண்டிருக்கும். தினமும் ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணுவது அந்த ரகம்தான்.

தண்ணீர் தங்கினால் என்ன கெட்டுப்போச்சு என்றால், எரிந்த வாயுவோடு சேர்ந்து அமிலமாகும். எண்ணெயில் போட்டிருக்கும் மருந்துச் சரக்கைத் தின்றுவிடும். பேரிங்கில் துரு ஏறும். 100 சிசி வண்டியில் மொத்த எண்ணெயே சுமார் ஒரு லிட்டர். அதில் கொஞ்சம் தண்ணீர் என்பது சின்ன விஷயம் இல்லை.

இதில் சம்பாதிக்கிறவர்கள் வேறு இருக்கிறார்கள். போன குளிர்காலத்தில் என் கூட வேலை பார்க்கும் ஒருவர், மதுரைப் பக்கம், மாற்றலாகி வந்து ஆறு மாசம்தான் ஆகிறது. மூடியில் வெள்ளையைப் பார்த்துப் பயந்து ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருக்கிறார். "ஹெட் கேஸ்கெட் போச்சு சாப், எஞ்சின் பிரிக்கணும்" என்று சொல்லிவிட்டார்களாம். ஹிந்தி அரைகுறை, தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார். நல்லவேளை மறுநாள் என்னிடம் சொன்னார். அவருடையது காற்றில் குளிரும் சாதாரண 125 சிசி வண்டி. ரேடியேட்டர் கிடையாது, கூலண்ட் கிடையாது. அப்புறம் கேஸ்கெட் வழியாகத் தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வரும்? வீட்டிலிருந்து மெட்ரோ ஸ்டேஷன் இரண்டு கிலோமீட்டர், சாயங்காலம் திரும்ப இரண்டு கிலோமீட்டர், அவ்வளவுதான் அவர் ஓட்டுவது. நோயே அதுதான். ஞாயிற்றுக்கிழமை குருகிராம் வரை ஓட்டிவிட்டு வரச்சொன்னேன். செலவு பெட்ரோல் காசு மட்டும்.

இன்னொரு கோஷ்டி, "விலை கூடின ஆயில் போடுங்க, 20டபிள்யூ-40 குளிருக்கு ஆகாது" என்பவர்கள். உங்கள் வண்டியின் கையேட்டில் என்ன கிரேடு போட்டிருக்கிறதோ அதைப் போடுங்கள். டபிள்யூ என்பது விண்டர். 20டபிள்யூ எண்ணெய்க்கான ஸ்டார்ட்டிங் சோதனையையே மைனஸ் 15 டிகிரியில்தான் வைக்கிறார்கள். தில்லி என்ன லடாக்கா? முக்கியமாக, எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் பெட்ரோல் எரிந்தால் தண்ணீர் வருவதை எந்த எண்ணெயாலும் நிறுத்தமுடியாது.

"எல்லாம் இந்த எத்தனால் பெட்ரோலால" என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 20 சதவீதக் கலப்பு 2025இல்தான் வந்தது. மூடியில் வெள்ளை அதற்குப் பல வருஷம் முன்பிருந்தே இருக்கிறது. எத்தனாலைத் திட்ட வேறு காரணம் இருந்தால் தாராளமாகத் திட்டுங்கள், இதற்கு வேண்டாம்.

எஞ்சினை விடுங்கள், மனுஷர்கள் இருக்கிறோம். நம்மில் பாதிப் பேர் குடியிருப்பது தூண்கள் மேல் நிற்கும் ஃபிளாட்டில், கீழே பார்க்கிங். காலை ஆறரைக்கு நாலு வண்டி ஐடிலில் நிற்கும். குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் கூடுதலாகப் போகும், புகையைச் சுத்தப்படுத்தும் கன்வர்ட்டர் சூடேறும் வரை ஒழுங்காக வேலை செய்யாது. அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூடின கராஜில் ஆளையே கொல்லும். அங்கேதான் நம் குழந்தைகள் பள்ளிக்கூட வேனுக்காக நிற்கிறார்கள். 2020இல் சிக்னலில் வண்டியை அணையுங்கள் என்று தில்லி அரசு இயக்கமே நடத்தியது. சிக்னலில் ஒரு நிமிஷத்துக்கே அப்படி என்றால், வீட்டு வாசலில் ஐந்து நிமிஷத்துக்கு என்ன நியாயம்?

சரி, என்னதான் செய்வது?

ஸ்டார்ட் செய்தால் அரை நிமிஷம், மிஞ்சினால் ஒரு நிமிஷம். சோக் உள்ள பழைய வண்டி என்றால் இன்னும் கொஞ்சம். அப்புறம் முறுக்காமல் மெதுவாகக் கிளம்புங்கள், ஓட்டத்திலேயே சூடாகும். வாரத்துக்கு ஒரு முறை அரைமணி நேரத்துக்குக் குறையாமல் நல்ல ரோட்டில் ஓட்டுங்கள். தினமும் ஓடுவது ரெண்டு கிலோமீட்டர்தான் என்றால் எண்ணெய் மாற்றுவதைக் கிலோமீட்டர் பார்த்துத் தள்ளிப்போடாதீர்கள், மாசத்தையும் பாருங்கள். மூடியில் மட்டும் கொஞ்சம் வெள்ளை, டிப்ஸ்டிக்கில் எண்ணெய் தெளிவு என்றால் துடைத்துவிட்டு ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டினால் போதும். எண்ணெய் முழுசும் பால்விட்ட காபி நிறமாகிவிட்டால் மாற்றிவிடுங்கள். அந்த ரெண்டு கிலோமீட்டரை நடந்தே போகமுடியும் என்றால் எஞ்சினுக்கும் நல்லது, தொப்பைக்கும் நல்லது (தங்கமணியின் கருத்தும் இதுவே).

பொங்கலுக்குப் போகிறவர்கள், கிளம்புவதற்கு முந்தின நாள் நன்றாகச் சூடேற ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். பேட்டரி பயம் இருந்தால் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வையுங்கள். ரெண்டு வாரம் சும்மா நின்றால் நல்ல வண்டிக்கு ஒன்றும் ஆகாது. பாய்சாப்பிடம் வீட்டுச் சாவியைக் கொடுங்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றட்டும். எஞ்சினுக்கு ஊற்றவேண்டாம்.

டிஸ்கி: மேலே சொன்னது காற்றில் குளிரும் வண்டிகளுக்கு. ரேடியேட்டர் உள்ள வண்டியில் எண்ணெய் பால் நிறமாகி, கூலண்டும் குறைந்துகொண்டே வந்தால் அது குளிர்கால விவகாரம் இல்லை. ஓட்டாமல் உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். மழைவெள்ளத்தில் மூழ்கின வண்டிக்கும் அதேதான், ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதீர்கள்.