கத்திக்குத் தப்பிய பேராமை மடியில் சிக்கிச் சாகிறது!

ராமநாதபுரம்:

ராமேசுவரம், மண்டபம், கீழக்கரை கடலோரத்தில் ஒரு காலத்தில் பேராமை கிடைத்தால் கையில் காசு. இப்போது பிடித்தால் ஜெயில்! ஆனாலும் ஆமை சாவது நிற்கவில்லை. ஏன்?

பச்சை ஆமையைத்தான் இந்தப் பக்கம் பேராமை என்கிறார்கள். பச்சையாக இருப்பது ஓடு அல்ல, உள்ளே இருக்கும் கொழுப்பு. வளர்ந்த ஆமை 150 கிலோ கூடத் தேறும். மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் உள்ள கடல் புல்லை மாடு மாதிரி மேய்ந்து வாழ்கிறது.

அன்று வியாபாரம்

1960-களில் இந்தத் தென்கோடிக் கடலில் வருடத்துக்கு 3 ஆயிரம் முதல் 4 ஆயிரம் ஆமை பிடிபட்டதாகக் கணக்கு. நாலில் மூன்று பேராமை. தூத்துக்குடியில் கறி விற்றார்கள். ரத்தத்தை மருந்து என்று நம்பிக் குடித்தார்கள். இலங்கைக்கும் உயிரோடு ஏற்றினார்கள்.

1977-ல் சட்டம் பாய்ந்தது. கடலாமைக்குப் புலிக்கு உள்ள பாதுகாப்பு கிடைத்தது. இன்று கொன்றால் 3 முதல் 7 வருடம் சிறை. அபராதம் குறைந்தது 25 ஆயிரம் ரூபாய். பகிரங்க வியாபாரம் ஒழிந்தது.

இன்று மடி

ஆனால் விசைப்படகின் இழுவை மடிக்குச் சட்டம் தெரியுமா? ஆமை மீன் அல்ல. மேலே வந்து மூச்சு விட வேண்டும். மடிக்குள் மாட்டினால் மூச்சு முட்டிச் சாகும். மடி தரையை வாரும்போது அது மேயும் புல்லும் போகிறது.

2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியது பங்குனி ஆமை. அங்கேயும் பழி விழுந்தது இழுவை மடி மீதுதான்.

வழி இல்லையா?

இருக்கிறது. மடியின் கழுத்தில் ஒரு கம்பிச் சட்டம். இறால் கம்பி இடுக்கில் நுழைந்து உள்ளே போகும். ஆமை கம்பியில் முட்டித் திறப்பு வழியே வெளியே போகும். "ஆமையோடு மீனும் போகுதே, டீசல் காசுக்கு எங்கே போறது?" என்பது படகுக்காரர்களின் கேள்வி. நியாயமான கேள்விதான்.

ஆனால் மாட்டாமல் விட்டாலும் நஷ்டம்தான். ஆமையைக் காக்கும் ஏற்பாடு போதாது என்று 2019-ல் அமெரிக்கா நம் கடல் இறாலை வாங்க மறுத்தது. அடி விழுந்தது இறால் பிடிப்பவர் தலையில்!

பேராமை முட்டையிடும் வயதுக்கு வர 20 வருடத்துக்கு மேல் ஆகும். ஒன்று செத்தால் அத்தனை வருடமும் வீண். கம்பிச் சட்டத்தை இலவசமாகக் கொடுத்து, குறையும் மீனுக்கு ஈடும் கொடுத்துவிட்டு, பிறகு துறைமுகத்தில் சோதனை போட்டால் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். ஜெயிலைக் காட்டி மட்டும் ஆமையைக் காப்பாற்ற முடியாது.