பாதிரி தம்பதிகளும் நமது பென்ஷன் தம்பதிகளும்

நம் நாட்டில் ஒருவர் முப்பது முப்பத்தைந்து வருஷம் உத்தியோகம் பார்த்து, பிள்ளைகளுக்குக் கலியாணத்தையும் முடித்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்ததும் அவரும் அவர் மனைவியும் முதலில் செய்யும் காரியம் என்ன? திருக்கடையூருக்குப் போய் ஒருமுறை கட்டிய தாலியையே மறுமுறை கட்டி, புரோகிதனுக்குத் தட்சணை கொடுத்து வருவதாகும். அப்புறம் காசி, அப்புறம் ராமேஸ்வரம். அதன்பின் திண்ணை, பஞ்சாங்கம், மருமகளைப் பற்றிய குறை. இப்படியாக, நல்ல அனுபவமும், படிப்பும், கையில் நாலு காசும், வேண்டிய ஓய்வும் உள்ள லக்ஷக்கணக்கான தம்பதிகள், செத்த பிறகு போகப்போகும் ஊருக்கு இன்றே டிக்கெட்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் மார்மன் சபை என்று ஒரு கிறிஸ்தவ சபை இருக்கிறது. அதில் உத்தியோகத்தை விட்டு விலகிய வயதான புருஷனும் மனைவியும் சேர்ந்து, தங்கள் சொந்தச் செலவில், 6 மாதம் முதல் 23 மாதம் வரையில் அன்னிய நாடுகளுக்குப் போய் ஊழியம் செய்து திரும்புகிறார்கள். பேரன் பேத்திகளை விட்டு, பாஷை தெரியாத ஊரில் ஒரு வாடகை வீட்டில் குடியிருந்து, கணக்கு எழுதுவதும், நோயாளியைப் பார்ப்பதும், தண்ணீர் வசதி, கண் வைத்தியம் போன்ற காரியங்களுக்கு உதவுவதுமாகத் தங்கள் நாளைக் கழிக்கிறார்கள். அவர்கள் மதத்தைப் பற்றி நமக்குள்ள அபிப்பிராயம் வேறு. சொர்க்கத்தையும் நரகத்தையும் நாம் எந்த பாஷையில் சொன்னாலும் ஒப்புவதில்லை. ஆனால் மதம் பொய்யாயிருப்பதால் அந்த மதக்காரர் செய்த உழைப்பும் பொய்யாகிவிடாது. உழைப்பை உழைப்பாகவே எடைபோட்டுப் பார்ப்பதுதான் பகுத்தறிவு.

இது நமக்குப் புதிதும் அல்ல. 1838ல் சென்னையில் வந்திறங்கிய கால்டுவெல் பாதிரியார் 1841ல் திருநெல்வேலி ஜில்லா இடையன்குடியில் குடியேறினார். 1844ல் எலிசா மால்ட் அம்மையாரை மணந்தார். அந்த அம்மையார் நாகர்கோவிலில் பாதிரி வேலை செய்த சார்லஸ் மால்ட்டின் மகள். அங்கேயே பிறந்து வளர்ந்தவர். ஜனங்கள் பேசும் தமிழைப் பேசத் தெரிந்தவர். செம்மண் தேரியும் பனையுமே கண்ணுக்குத் தெரிந்த அவ்வூரில் கால்டுவெல் 1856ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். நமது பாஷை வடமொழியின் பிள்ளையல்ல என்று உலகத்தார் முன் எடுத்துக் காட்டியதற்காக அவரை நாம் மறப்பதில்லை. 1849ல் அவர் நாடார் மக்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இழிவான வார்த்தைகள் இருந்ததையும், அதை அம்மக்கள் பின்னாளில் ரோஷத்தோடு கண்டித்ததையும் நாம் மறைப்பதில்லை. ஆனால் அதே இடையன்குடியில் பெண் குழந்தைகளை உட்காரவைத்து எழுத்தும், தையலும், லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்த எலிசா அம்மையாரை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அக்காலத்து மிஷன் பங்களாவில் ஒரு நாள் எப்படிக் கழிந்தது என்று பாருங்கள். பொழுது விடியுமுன் மணி அடித்து ஜபம். வெயில் ஏறுமுன் ஐயா மாட்டு வண்டியிலோ, குதிரையிலோ கிராமங்களுக்குப் புறப்படுவார். உபதேசியார் கணக்கு, பள்ளிக்கூடத்து வாத்தியார் சம்பளம், மிராசுதாரன் அடித்த வழக்கு, கிணற்றுத் தகராறு இவைகளை விசாரிப்பார். அம்மாள் தாழ்வாரத்தில் மருந்துப் பெட்டியைத் திறந்துவைத்து, சிரங்குக்கும், காய்ச்சலுக்கும், கண்வலிக்கும் வந்தவர்களைப் பார்ப்பார். பிறகு பெண்கள் பள்ளிக்கூடம், போர்டிங்குக்கு அரிசி அளப்பது, பகலில் தையல், மாலையில் வீடுவீடாய்ப் போய்ப் பெண்களைச் சந்திப்பது, இரவில் விளக்கடியில் சீமைக்குக் கடிதம் எழுதுவது. பெற்ற பிள்ளைகளைப் படிப்புக்காகக் கடல் கடந்து அனுப்பிவிட்டு வருஷக்கணக்கில் பார்க்காமலிருந்தவர்கள் பலர். காலராவிலும் காய்ச்சலிலும் குழந்தையைப் பறிகொடுத்து இந்த மண்ணிலேயே புதைத்தவர்களும் பலர். இதையெல்லாம் சொல்லும்போது, அந்தப் பங்களாவில் பங்கா இழுத்தவனும், தண்ணீர் சுமந்தவளும், ஐயாவின் குழந்தையைத் தூக்கி வளர்த்த ஆயாவும் நம்மவர்கள் என்பதையும் கூடவே சொல்லிவிட வேண்டும்.

இதில் நாம் முக்கியமாய்க் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வேலை இருவருடையது, பேர் ஒருவருடையது. சங்கத்தின் பதிவில் பாதிரியார் பேர் இருக்கும். அம்மாள் "இன்னாருடைய மனைவி" என்றுதான் இருப்பார். அமெரிக்கன் மிஷன் ஜாபிதாக்களில் மனைவியை "உதவி மிஷனரி" என்று எழுதுவது வழக்கம். அவருக்கென்று தனிச் சம்பளம் கிடையாது. பள்ளிக்கூடம் நடத்தியது அவர், மருந்து கொடுத்தது அவர், ஆனால் கட்டிய புருஷனுடைய சம்பளத்துக்குள்ளே அவர் உழைப்பு இனாமாய் அடங்கிவிட்டது! மனுதர்மம் ஒன்றுதான் பெண்ணை அடிமையாக்கிற்று என்று யாரும் எண்ண வேண்டாம். எந்தத் தேசத்து மதமும் இந்த விஷயத்தில் மாத்திரம் அண்ணன் தம்பிதான்.

நிற்க, நமது பழைய செங்கற்பட்டு ஜில்லாவுக்கு வருவோம். இன்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சிங்கப்பெருமாள் கோயில் சாலையில் போகிறவர்கள் மோட்டார் தொழிற்சாலைகளைப் பார்க்கிறார்கள். அச்சாலை முடிவுக்கு அப்பால் மறைமலை நகர்ப் பக்கம் மெல்ரோசாபுரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. தமிழும் ஸ்காட்லாந்தும் கலந்த இந்தப் பேர் எப்படி வந்தது? செங்கற்பட்டில் இருந்த ஸ்காட்லாந்து சபைப் பாதிரியார் ஆதாம் ஆண்ட்ரு, நிலமற்ற ஆதிதிராவிட மக்களை சொந்தமாய்ப் பயிர் செய்யக் குடியேற்றிய இடம் அது. அவர் நாள்தோறும் கிராமங்களில் கேட்டது என்ன? "ஐயா, நாங்கள் குடியிருக்கும் குடிசை மனைகூட எங்களுடையதில்லை, மிராசுதாரனுக்குக் கோபம் வந்தால் இரவோடிரவாக வெளியேற வேண்டியதுதான்" என்ற அழுகையைத்தான். 1891ல் ஜில்லா கலெக்டராயிருந்த திரமென்ஹீர் இதையே விசாரித்து சர்க்காருக்கு ஒரு அறிக்கை எழுதினார். பாதிரிமார்களும் சர்க்காரை விடாமல் நெருக்கினார்கள். அதன் பலனாக 1892ல் சர்க்கார் உத்தரவு பிறந்து, தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்றே நிலம் ஒதுக்கப்பட்டது. அதுதான் பஞ்சமி நிலம். பத்து வருஷத்துக்கு யாருக்கும் விற்கக் கூடாது. அதன்பிறகும் தாழ்த்தப்பட்டவருக்கே அல்லாமல் வேறொருவருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. சென்னை மாகாணத்தில் ஏறக்குறைய 12 லக்ஷம் ஏக்கர் இப்படிக் கொடுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது.

இதே ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர் கோபுரத்தின்மேல் ஏறி எல்லோருக்கும் மந்திரத்தைச் சொன்னார் என்று வைணவர்கள் பெருமை பேசுகிறார்கள். சொல்லியிருக்கட்டும். மந்திரத்தைக் கேட்டவனுக்குக் குடியிருக்க ஒரு குழி நிலம் கிடைத்ததா? மந்திரம் வந்து எண்ணூறு வருஷத்துக்குமேல் ஆன பிறகும் கலெக்டர் அறிக்கை எழுத வேண்டி வந்ததே, அதற்குப் பதில் என்ன?

கிறிஸ்தவ நண்பர்களும் இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். வடக்கன்குளத்தில் 1872ல் கட்டிய கோயிலிலே ஜாதிக்கொரு பக்கமாக மறித்து வைத்திருந்தார்கள். 1910ல்தான் அந்த மறிப்பு இடிக்கப்பட்டது. ஞானஸ்நானத் தண்ணீரில் ஜாதி கரையவில்லை. இன்றும் கல்லறைத் தோட்டத்திலே ஜாதிக்கொரு மூலை வைத்திருக்கும் ஊர்கள் உண்டு. ஆகவே மதம் மாறுவதால் மாத்திரம் ஜாதி போய்விடும் என்பது வைதீகனுடைய மந்திரத்தைப் போன்ற இன்னொரு மந்திரமே ஆகும்.

சரி, அந்த நிலம் என்னவாயிற்று? படிப்பில்லாதவன் கையில் இருந்த பட்டா, கடனுக்கும், கைநாட்டுக்கும், மிரட்டலுக்கும், கர்ணத்தின் பேனாவுக்கும் பலியாயிற்று. 1994ல் செங்கற்பட்டுப் பக்கம் காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கிளம்பியவர்களில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேர் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். ஒருவர் பேர் கிறிஸ்தவப் பேர், ஒருவர் பேர் இந்துப் பேர். குண்டுக்கு அந்த பேதம் தெரியவில்லை. இந்தச் சாலையிலே ஏக்கர் விலை கோடிக்கணக்கில் ஏறிய பிறகு, பழைய பதிவேட்டில் எது பஞ்சமி நிலம் என்று தேடிப் படித்துச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் இருப்பதும் போகும் என்பதில் சந்தேகமில்லை.

இன்று இந்தப் பிரதேசத்தில் யார் இருக்கிறார்கள்? இருங்காட்டுக்கோட்டையில் 1998ல் கார் தொழிற்சாலை ஓட ஆரம்பித்தது. ஸ்ரீபெரும்புதூரில் 2006ல் வந்த நோக்கியா 2014ல் மூடிப் பல்லாயிரம் பேரை வீதியில் விட்டது. ஒரகடத்தில் 2010ல் இன்னொரு கார் தொழிற்சாலை வந்தது. தர்மபுரி, விழுப்புரம், தஞ்சை, நெல்லை என்று எல்லா ஜில்லாக்களிலிருந்தும் 19, 20 வயதுப் பெண்மக்கள் இங்கே ஷிப்டு வேலைக்கு வந்து விடுதிகளில் தங்கியிருக்கிறார்கள். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டில் விஷம் கலந்து நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, மற்றப் பெண்கள் பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். நாடு அப்போதுதான் அவர்கள் இருப்பதையே பார்த்தது. அதன்பின் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை சர்க்கார் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது. இது வரவேற்கத் தக்கதேயாகும். ஆனால் கட்டடம் படுக்கை கொடுக்கும். சம்பளச் சீட்டில் எதற்குப் பிடித்தம் செய்தார்கள் என்று படித்துச் சொல்லாது. அதே 2024ல், கலியாணமான பெண்களை ஒரு தொழிற்சாலையில் வேலைக்கு எடுப்பதில்லை என்ற செய்தி வெளிவந்து, மத்திய சர்க்கார் விளக்கம் கேட்டது. பாருங்கள் வேடிக்கையை! அன்றைய மிஷனில் கலியாணமானால் வேலை உண்டு, சம்பளம் இல்லை. இன்றைய தொழிற்சாலையில் கலியாணமானால் வேலையே இல்லை. தாலி எந்தக் காலத்திலும் பெண்ணின் கூலியைத்தான் முதலில் அறுக்கிறது.

ஆகவே நாம் சொல்வது இதுதான். நமது இயக்கத்தில் பென்ஷன் வாங்கும் தோழர்கள் ஏராளமாயிருக்கிறார்கள். ஆசிரியர்கள், நர்சுகள், தாலுகா ஆபீசில் இருந்தவர்கள், பாங்கியில் இருந்தவர்கள், ரயில்வேயில் இருந்தவர்கள். புருஷனும் மனைவியுமாக ஒரு வருஷம், முடியாவிட்டால் ஆறு மாதம், சுங்குவார்சத்திரத்திலோ, ஒரகடத்திலோ ஒரு சிறு வீடு எடுத்துத் தங்குங்கள். கடல் கடக்க வேண்டாம், பாஷை கற்க வேண்டாம். மாலை ஷிப்டு முடிந்து வரும் பெண்ணுக்கு பி.எப். கணக்கும், இ.எஸ்.ஐ. சீட்டும் எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுங்கள். உடம்பு சரியில்லாதவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். தாலுகா ஆபீசு பாஷை தெரிந்தவர், கிராமத்துக்குப் போய் 'அ' பதிவேட்டைப் படித்து எது பஞ்சமி நிலம் என்று ஜனங்களுக்குச் சொல்லட்டும். ஜாதி விட்டுக் காதலித்த பிள்ளைகளுக்குப் பதிவுத் திருமணத்துக்கு வழி காட்டுங்கள். சுயமரியாதைக் கலியாணம் 1967ல் சட்டமாகிவிட்டது என்பதே தெரியாத பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு நிபந்தனை: இந்த வேலையில் அம்மாளின் பேரும் ஐயாவின் பேரும் ஒரே வரியில், ஒரே எழுத்தில் எழுதப்பட வேண்டும். சமையல் ஒருவருக்கு, சொற்பொழிவு ஒருவருக்கு என்பதாக இருந்தால் பழைய பங்களாவுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

"கடவுள் பயம் இல்லாதவன் ஊழியம் செய்வானா?" என்று வைதீகர் கேட்பார்கள். 1924ல் வைக்கத்துத் தெருவில் நடக்கும் உரிமைக்காக நாகம்மையார் பெண்களைத் திரட்டிக்கொண்டு போனது எந்த மோக்ஷத்துக்காக? தேவதாசி முறையை ஒழிக்க மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராய்ச் சுற்றியதும், 1947ல் அது சட்டமானதும் எந்தச் சாமிக்கு நேர்ந்துகொண்ட பிரார்த்தனை? மோக்ஷத்துக்காக ஊழியம் செய்கிறவன் கூலிக்காரன். எதிரிலிருப்பவன் மனிதன் என்பதற்காகச் செய்கிறவனே தொண்டன்.

1929ல் முதல் சுயமரியாதை மாகாண மகாநாடு கூடியது இதே செங்கற்பட்டில்தான். பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும், பேருக்குப் பின்னால் ஜாதிப் பட்டம் வேண்டாம் என்று அங்கே தீர்மானம் செய்தார்கள். தீர்மானம் செய்த ஜில்லாவில் அதைச் செய்து காட்ட ஆட்கள் வேண்டாமா? திருக்கடையூருக்குப் போக எடுத்துவைத்திருக்கும் பணம், ஒரகடத்தில் ஆறு மாத வீட்டு வாடகைக்குப் போதும். இதைப் படிக்கும் தோழர்கள் தங்கள் வாழ்க்கைத் துணையோடு இன்றிரவே உட்கார்ந்து யோசித்து ஒரு முடிவுக்கு வருவார்களாக.