முதலாளிகளுக்குக் கல்யாணம்! ரசிகர்களுக்கு ஊர்வலமா?

2017-ம் ஆண்டு டிசம்பர் 14-ம் தேதி அமெரிக்காவில் ஒரு பெரிய சம்பந்தம் பேசி முடிந்தது. ரூபர்ட் முர்டாக் குடும்பத்தின் பிடியில் இருந்த ஃபாக்ஸ் கம்பெனியின் சினிமா, டெலிவிஷன் தொழிலில் பெரும்பகுதியை டிஸ்னி கம்பெனி விலை பேசியது. முதலில் பேசிய தொகை 5,240 கோடி டாலர். நடுவில் காம்காஸ்ட் என்ற இன்னொரு திமிங்கலம் 6,500 கோடி தருகிறேன் என்று வாய் பிளந்து வந்தது. மாட்டுச் சந்தையில் துண்டு போட்டுக் கை பேசுவதுபோல ஏலம் ஏறிற்று. கடைசியில் 7,130 கோடி டாலருக்கு டிஸ்னியே தட்டிக்கொண்டு போயிற்று. 2019 மார்ச் 20-ல் சாசனம் கைமாறியது.

முதலாளிகள் சந்தோஷப்பட்டதில் அதிசயமில்லை. அதிசயம் வேறு. உலகம் பூராவும் லட்சக்கணக்கான இளைஞர்கள் ஆடிப்பாடினார்கள்! இவர்கள் யார்? பங்குதாரர்களா? அல்ல. கடையில் பொட்டலம் கட்டுகிறவன், ஓட்டலில் தட்டு கழுவுகிறவன், படித்துவிட்டு வேலைக்கு அலைகிறவன். சினிமா ரசிகர்கள். இவர்களுக்கு இதில் என்ன வந்தது?

சித்திரக்கதை வீரர்களால் வந்தது. அயர்ன் மேன் முதலிய வீரர்களை வைத்திருந்த மார்வெல் கம்பெனியை டிஸ்னி 2009-ல் 400 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது. ஆனால் மார்வெலின் இன்னொரு கூட்டமான எக்ஸ்-மென் வீரர்களைப் படமெடுக்கும் உரிமை, 1990-களில் விற்கப்பட்டு, ஃபாக்ஸ் வசம் கிடந்தது. இப்போது இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் உட்காருவார்கள், ஒரே திரையில் சண்டை போடுவார்கள்! இதுதான் கொண்டாட்டத்தின் காரணம். கவலைப்பட்ட ரசிகர்களும் உண்டு. டெட்பூல் என்ற வாய்த்துடுக்கு வீரனை டிஸ்னி சாதுவாக்கிவிடுமோ என்பது அவர்கள் கவலை!

டிஸ்னியின் அறிவிப்பையே எடுத்துப் பாருங்கள். எக்ஸ்-மென்னும் ஃபென்டாஸ்டிக் ஃபோரும் டெட்பூலும் மார்வெல் குடும்பத்தோடு ஒரே கூரையின் கீழ் சேரலாம் என்று அதில் ஓரிடத்தில் எழுதியிருக்கிறது. அதே அறிவிப்பில் இன்னோரிடத்தில், இணைப்பினால் குறைந்தது 200 கோடி டாலர் செலவு மிச்சமாகும் என்றும் எழுதியிருக்கிறது. முதலாவது ரசிகனுக்காக எழுதியது. இரண்டாவது பங்குச்சந்தைக்காக எழுதியது. ரசிகன் முதலாவதைப் படித்துவிட்டு விசிலடித்தான். இரண்டாவதைப் படிக்கவில்லை.

மில் தொழிலாளிக்கு அந்த இரண்டாவது வரிக்கு அகராதி வேண்டாம். இரண்டு மில் ஒரு முதலாளி கைக்குப் போனால் “செலவு மிச்சம்” என்றால் என்ன அர்த்தம்? இரண்டு கணக்கர் எதற்கு, ஒருவர் போதும். ஒருவன் நான்கு தறி பார்த்தானா, ஆறு பார்க்கட்டும். நம் ஊரில் இதற்குப் பெயர் ஆட்குறைப்பு. ஹாலிவுட்டிலும் அதே பெயர்தான்!

சாசனம் கைமாறிய மறுநாளே ஃபாக்ஸ் ஊழியர்களுக்குச் சீட்டுக் கிழிக்கும் படலம் தொடங்கியது. ‘ஹிடன் ஃபிகர்ஸ்’ என்ற படத்தைத் தந்த ஃபாக்ஸ் 2000 என்ற பிரிவு இழுத்து மூடப்பட்டது. அமெரிக்க விண்வெளித் துறையில் கணக்குப் போட்ட கறுப்பினப் பெண்களின் கதை அந்தப் படம். 2021 பிப்ரவரியில் ப்ளூ ஸ்கை என்ற கார்ட்டூன் பட நிலையம் மூடப்படும் என்று அறிவித்தார்கள். சுமார் 450 பேர் வேலை இழந்தார்கள். ‘ஐஸ் ஏஜ்’ படத்தின் மம்மத யானையை உருவாக்கிய கைகள் அவை. யானையை விட்டார்களா? இல்லை. 2022-ல் அதே யானை நடித்த புதுப்படம் டிஸ்னி பெயரில் வந்தது. அங்கே பாதியில் கைவிடப்பட்ட ‘நிமோனா’வை வேறு கைகள் எடுத்து முடித்து, 2023-ல் நெட்ஃபிளிக்ஸில் வெளியிட்டன, ஆஸ்கர் பரிந்துரை வரை போயிற்று.

தலைமை நிர்வாகி பாப் ஐகருக்கு 2018-ல் கிடைத்த ஊதியம் 6 கோடியே 56 லட்சம் டாலர். அதில் ஒரு பெரும் பங்கு இந்த இணைப்பை நடத்த அவர் பதவியில் நீடித்ததற்கான பங்கு மானியம். ஒரு சராசரி டிஸ்னி ஊழியரின் சம்பளத்தைப்போல 1,424 மடங்கு! நாம் சொல்லவில்லை, டிஸ்னி குடும்பத்துப் பெண்மணி அபிகேல் டிஸ்னியே 2019-ல் பத்திரிகையில் எழுதிக் கண்டித்தார். அதே 2018-ல் கலிபோர்னியாவின் டிஸ்னிலாந்து பூங்காத் தொழிலாளரிடம் தொழிற்சங்கங்களின் ஏற்பாட்டில் ஓர் ஆய்வு நடந்தது. பதில் சொன்னவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல், முந்தைய 2 ஆண்டுகளில் குடியிருக்க வீடில்லாமல் தவித்தவர்கள். ராஜகுமாரி வேஷம் போட்டு மாளிகை வாசலில் சிரிக்கிற பெண்ணுக்குத் தலை சாய்க்க இடமில்லை!

ரசிகன் கொண்டாடிய அந்த வீரர்கள் யார் பெற்ற பிள்ளைகள்? அவர்களில் பலர் ஸ்டான் லீ என்ற எழுத்தாளரும் ஜாக் கிர்பி என்ற ஓவியரும் 1961-லும் 1963-லும் படைத்தவர்கள். கிர்பி நியூயார்க் சேரியில் ஒரு ஆடைத் தொழிற்சாலைத் தொழிலாளியின் மகன். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி வரைந்தவர். பீஸ் ரேட்! அவர் வரைந்த பக்கங்களைத் திரும்பப் பெறவே 1980-களில் மார்வெலோடு மல்லுக்கு நிற்க வேண்டியிருந்தது. 1994-ல் அவர் இறந்தார். உரிமை கேட்டு அவர் பிள்ளைகள் நடத்திய வழக்கு 2014-ல்தான் சமரசமாயிற்று. “வீரர்கள் தாய்வீடு திரும்பிவிட்டார்கள்” என்று பூரித்தவர்கள், எந்தத் தாய்வீட்டைச் சொன்னார்கள்?

ரசிகனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லையா? கிடைத்தது. 2024-ல் டெட்பூலும் வுல்வரினும் சேர்ந்த படம் வந்து 130 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 2025-ல் ஃபென்டாஸ்டிக் ஃபோரும் வந்தது. பார்க்கட்டும், ரசிக்கட்டும். உழைத்துக் களைத்தவன் சினிமா பார்ப்பதைக் குறை சொல்கிற கூட்டம் அல்ல நாம்.

‘அமெரிக்காவில் யாரோ யாரையோ வாங்கினான், களையெடுக்கிற எனக்கென்ன?’ என்று கேட்கும் தோழருக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் விஜய் டிவி ஓடுகிறதே, அது இந்தச் சரக்கில் சேர்ந்தே போயிற்று. முர்டாக்கின் ஸ்டார் சேனல்களோடு 2019-ல் டிஸ்னியிடம் போனது. 2024 நவம்பரில் ரிலையன்ஸ் அம்பானியும் டிஸ்னியும் கூட்டுச் சேர்ந்த, 70,352 கோடி ரூபாய் மதிப்புள்ள கம்பெனிக்குப் போனது. மூன்று எஜமானர்கள்! பார்க்கிறவனை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

அதற்கு முன்னால் ஐ.பி.எல். கிரிக்கெட்டை டெலிவிஷனில் ஸ்டார் காட்டியது, போனில் அம்பானி காட்டினார். ஆளைப் பிடிக்கும் போட்டியில் 2023-ல் அம்பானி போனில் காசில்லாமல் காட்டினார். ‘வள்ளல்!’ என்றார்கள் ரசிகர்கள். இரண்டு கடையும் ஒரே கல்லாவுக்குள் போனபின், 2025-ல் சில நிமிடம் காட்டிவிட்டுச் சந்தா கட்டு என்று திரையில் எழுத்து வந்தது. எதிர்க்கடை மூடிய பிறகு எந்த வள்ளல் இனாம் கொடுப்பான்?

அமெரிக்காவில் இதற்கு ஒரு பதிலும் எழுந்தது. 2023-ல் ஹாலிவுட் எழுத்தாளர் சங்கம் 148 நாள் வேலை நிறுத்தம் செய்தது. நடிகர் சங்கம் 118 நாள். அவர்கள் கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாதது என்றார் ஐகர். கோடை வெயிலில் டிஸ்னியின் வாசலில் அட்டை பிடித்து நின்றார்கள். அந்தக் கம்பெனியின் தலைமைக் கட்டிடத்தின் முகப்பில் கூரையைத் தாங்கி நிற்பது போல ஏழு குள்ளர்களின் சிலை உண்டு. சுரங்கத்தில் வெட்டிப் பிழைக்கும் கதையில் வருகிற அதே ஏழு குள்ளர்கள். ஆண்டுக்கணக்காக அவர்கள் கை இறக்கவில்லை. கீழே வாசலில் நின்றவர்கள் இறக்கிவிட்டார்கள். செப்டம்பரில் எழுத்தாளருக்கும் நவம்பரில் நடிகருக்கும் முதலாளிகள் புது ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார்கள்.